தங்கையின் நோயிலிருந்து எழுந்த மருத்துவமனை



ஜூலை 30ஆம் நாள் தமிழக அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை தினமாகக் கொண்டாடப்படுகிறது. அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பிறந்த நாள். பள்ளிப் பாடநூல்களில் நாம் அவரைப் பல சிறப்புகளோடு சந்தித்திருக்கிறோம். சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண், சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண், தேவதாசி முறை ஒழியப் போராடியவர் என்று அந்தப் பட்டியல் நீளும். அதன் கடைசியில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தவர் என்றும் ஒரு வரி இருக்கும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஓர் அக்காவின் துயரம் இருக்கிறது. நோயுற்ற தங்கை படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவரின் துயரம் அது. இன்று நம் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் மனைவியரும் மகன்களும் மருமகள்களும் அதே துயரத்தைச் சுமந்துகொண்டு ஒரு கட்டிலின் அருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்து முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

புதுக்கோட்டைச் சிறுமி

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள், கோயிலோடும் இசையோடும் தொடர்புடைய தேவதாசி மரபில் வந்தவர். இந்தத் திருமணத்தின் காரணமாகத் தந்தையை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். ஊர் ஏற்காத ஒரு வீட்டில் வளர்வது எப்படி இருக்கும் என்பதை முத்துலட்சுமி சிறுவயதிலேயே அறிந்திருந்தார்.

மேற்படிப்புக்கு மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்ததால்தான் அவர் அங்கே படிக்க முடிந்தது. பிறகு 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்றார்.

1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பப்படி பணியாற்றத் தடை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அந்தத் திருமணத்துக்குச் சம்மதித்தார். கணவரும் அதை ஏற்று நடந்தார். அம்மையார் பிற்காலத்தில் செய்த ஒவ்வொரு பணியிலும் இந்தத் துணைக்குப் பங்கு உண்டு.

1923: மருத்துவரின் வீட்டிலேயே

அவர் மருத்துவராகி 11 ஆண்டுகள் கடந்திருந்தன. பிரசவம் பார்ப்பதிலும் பெண்களின் நோய்களைக் குணப்படுத்துவதிலும் நல்ல பெயர் பெற்றிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மையில் அது மலக்குடலில் வந்த புற்றுநோய். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. 1923இல் அந்த இளம் பெண் இறந்துபோனார்.

அந்நாளில் தென்னிந்தியாவில் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனைகூடக் கிடையாது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையே 1941இல்தான் திறக்கப்பட்டது. எத்தனையோ வீடுகளில் உயிர் காத்த ஒரு மருத்துவரால் சொந்தத் தங்கையைக் காக்க முடியவில்லை.

நோயாளியை உடனிருந்து கவனித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். நோயாளி இறந்த பிறகும் அவர்களுக்குள் சில கேள்விகள் ஓய்வதில்லை. முன்பே வேறு மருத்துவரிடம் காட்டியிருக்கலாமோ? இன்னும் கொஞ்சம் பணம் புரட்டியிருக்கலாமோ? அன்று கோபத்தில் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ? அந்தக் கேள்விகள் படித்தவர், படிக்காதவர் என்று பார்ப்பதில்லை. தங்கையின் மரணம் முத்துலட்சுமி அம்மையாரின் மனத்தில் ஆறாத புண்ணாக நின்றது. புற்றுநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணமும் அங்கேதான் தோன்றியது.

பொதுவாழ்வில்

1925இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேலும் கற்க அவர் இங்கிலாந்து சென்றார். திரும்பி வந்ததும் சென்னை மாகாண சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவில் சட்டமன்றத்தில் அமர்ந்த முதல் பெண் அவரே. மேலவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று வாதாடினார். சிறுமியரைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று போராடினார். அந்தப் போராட்டம் 1947இல் வந்த சட்டத்தால் முழு வெற்றி பெற்றது. அதற்கு முன்பே, 1930இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்திருந்தார்.

அதே காலத்தில் தேவதாசி மரபிலிருந்து தப்பி வந்த சில சிறுமியருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. விடுதிகள் அவர்களை ஏற்கவில்லை. அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். அதுவே ஔவை இல்லமாக வளர்ந்து இன்றும் பணியாற்றி வருகிறது. பிறர் கதவடைத்தவர்களுக்குத் தம் கதவைத் திறந்துவிடுவது அவருடைய இயல்பாகவே இருந்தது.

31 ஆண்டுக் காத்திருப்பு

ஆனால் தங்கையை அவர் மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, புற்றுநோயாளிகளுக்கென்று ஒரு மருத்துவமனை தேவை என்ற தம் எண்ணத்தை அந்த மேடையிலேயே வெளியிட்டார். உடனே எதுவும் நடந்துவிடவில்லை. புற்றுநோய் வந்தவர் எப்படியும் இறக்கத்தானே போகிறார், அவருக்கு எதற்கு மருத்துவமனை என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமும் இருந்தது.

இந்த எண்ணத்தை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. குணமாகாதவருக்குச் செய்வதெல்லாம் வீண் என்று நினைக்கும் சமூகத்தில், அவரைக் கவனிப்பவரின் உழைப்பும் வீண் என்றே ஆகிவிடும். அம்மையார் எதிர்த்தது இந்த மனப்போக்கைத்தான்.

1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. சங்கத்துப் பெண்கள் நன்கொடை திரட்டினார்கள். 1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் தென்னிந்தியாவின் முதல் புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67. தங்கை இறந்து 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் கற்றுத் திரும்பிய அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்தச் சிறிய மருத்துவமனையைத் தாங்கினார். 1955இல் டாக்டர் சாந்தா என்ற இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அவர் 2021இல் இறக்கும்வரை மருத்துவமனை வளாகத்தையே தம் வீடாகக் கொண்டிருந்தார். பணம் இல்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அந்த இடத்தின் மரபாயிற்று. நோயாளிகளின் மனநலத்தையும் அவர்தம் குடும்பத்தாரின் மனநலத்தையும் கவனிப்பதற்கு அங்கே பிற்காலத்தில் தனிப்பிரிவும் உருவானது.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் தமது 81ஆம் வயதில் காலமானார்.

அவர் காலத்தில் இல்லாதது

அம்மையாரின் தங்கைக்குக் கிடைக்காத ஒன்று இன்று நமக்குக் கிடைக்கிறது. அதற்கு நோய் ஆதரவு சிகிச்சை என்று பெயர். மருத்துவமனைகளில் பாலியேட்டிவ் கேர் என்று சொல்வார்கள். நோயைக் குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியை, மூச்சுத்திணறலை, வாந்தியை, புண்ணின் நாற்றத்தை, உறக்கமின்மையைத் தணிக்க முடியும் என்பதே இதன் அடிப்படை.

இங்கிலாந்தில் செவிலியராக இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் இதற்கு வழிகாட்டினார். இலண்டனில் கத்தோலிக்க அருள்சகோதரிகள் நடத்திய புனித யோசேப்பு இல்லத்தில், இறக்கும் நிலையில் இருந்தவர்களோடு அவர் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1967இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலி என்பது உடலில் மட்டும் இல்லை, மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்பது அவர் கண்டுணர்ந்த உண்மை. ஆகவே குடும்பத்தைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றார். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் இப்பணியைத் தொடங்கினார்கள். அங்கே அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக அது வளர்ந்தது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து தரப்படும் நோய் ஆதரவு சிகிச்சை சேர்க்கப்பட்டுள்ளது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

இங்கே ஒரு தயக்கத்தையும் பேசியாக வேண்டும். மார்பின் மாத்திரை கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார், சீக்கிரம் இறந்துவிடுவார் என்று பல குடும்பங்கள் பயப்படுகின்றன. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை. மலச்சிக்கல் வரும். அதற்கும் சேர்த்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வலியைச் சிலுவையாக ஏற்றுக்கொள்ள வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. வலி தணிக்கும் மருந்து தருவது முறையே என்று 1957இலேயே திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மருத்துவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். துன்பத்தை விரும்பி ஏற்பது நோயாளியின் தனிப்பட்ட முடிவு. பக்கத்தில் இருப்பவர்கள் அதை அவர்மேல் சுமத்த முடியாது.

அம்மையாரின் தங்கையின் கதை சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. மலத்தில் இரத்தம் வந்தால், வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நிற்காவிட்டால், மூலம், சூடு என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம் வீடுகளில்

நம் பகுதியில் நோயாளியின் உடனிருப்பவர்கள் யார்? சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகும் மகன். ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை. பள்ளிப்பாளையத்தில் தறி ஓட்டும் கணவர். மனைவியின் கீமோவுக்காக மாதம் இருமுறை தறியை நிறுத்த வேண்டும். நாமக்கல்லில் கணவர் லாரியோடு வடமாநிலத்தில் இருக்க, திருச்செங்கோட்டில் கணவர் ரிக் வண்டியோடு போர் போடச் சென்றிருக்க, மாமியாரைத் தனியாகக் கவனிக்கும் மருமகள். பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, தாம் உட்கார்ந்தபடியே சென்னை போய்ச் சேருபவர்கள்.

அவர்களிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: அவருக்கு எப்படி இருக்கிறது? உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். நோயாளியைத் தூக்கித் தூக்கி அவர்களுக்கு இடுப்பு போயிருக்கும். தம்முடைய சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் மறந்திருப்பார்கள். இரவில் உறக்கமே இருக்காது. சில நேரம் எரிந்து விழுவார்கள், பிறகு அதற்காகத் தனியே அழுவார்கள். ஆண்டவர் இவரைச் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் தேவலை என்று ஒரு கணம் தோன்றிவிடும். பிறகு அதை நினைத்துப் பெரும் பாவம் செய்தவர்போல் குமைவார்கள். அந்த எண்ணம் அன்பில்லாததால் வருவதில்லை. களைப்பினால் வருகிறது. இதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

மாதக்கணக்கில் ஞாயிறு திருப்பலிக்கு வர முடியவில்லையே என்ற குற்றவுணர்வும் அவர்களுக்கு உண்டு. நோயாளியை விட்டு நகர முடியாதவரை ஞாயிறு கடமை கட்டுப்படுத்துவதில்லை என்பது திருஅவையின் போதனை. அதையும் அவர்கள் காதில் போட வேண்டும்.

சாவடிப் பொறுப்பாளர்

முத்துலட்சுமி அம்மையார் கிறிஸ்தவர் அல்லர். ஆண்டவர் சொன்ன உவமையில் அடிபட்டவரைத் தூக்கிய சமாரியரும் யூதர்களுக்கு அந்நியரே. அந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் சமாரியரைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் அவர் மறுநாள் பயணத்தைத் தொடர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு காயத்தைக் கழுவியவர், கஞ்சி ஊட்டியவர், இரவில் முனகல் கேட்டு எழுந்து பார்த்தவர் சாவடிப் பொறுப்பாளர். அவருக்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை.

சமாரியர் அவரை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் தருவதாகச் சொன்னார். திரும்பி வருவேன் என்று உறுதி அளித்தார். கவனிப்பவருக்குப் பணம் வேண்டும், துணை வேண்டும், திரும்பி வரும் ஒரு மனிதர் வேண்டும். 2020இல் வத்திக்கான் வெளியிட்ட நல்ல சமாரியர் என்ற மடலும், நோயாளியோடு அவருடைய குடும்பத்தையும் தாங்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது.

அம்மையாரின் துயரம் ஒரு மருத்துவமனையாக எழுந்தது உண்மை. ஆனால் அவருக்குக் கல்வி இருந்தது, செல்வாக்கு இருந்தது, ஒத்துழைக்கும் கணவரும் மகனும் இருந்தார்கள், ஒரு சங்கமே கூட நின்றது. நம் ஊரில் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் மருமகளுக்கு இவற்றில் எது இருக்கிறது? அவர் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. மனம் உடையாமல் இருந்தாலே போதும். அதற்கு ஓர் அன்பியம் போதும்.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் நாம் உட்கார்ந்தால், உடனிருப்பவர் குளித்து, உறங்கி, தம் மருத்துவரையும் பார்த்து வரலாம். ஒரு வேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கலாம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரலாம். மருந்து வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் அவருக்குப் பதிலாக நிற்கலாம். ஜெபிக்கப் போகும் குழு முக்கால் மணி நேரம் பாடிவிட்டு எழுந்து வராமல், பத்து நிமிடம் ஜெபித்துவிட்டு, மீதி நேரத்தில் அந்த வீட்டுப் பாத்திரத்தைத் துலக்கிக் கொடுக்கலாம். பங்குத்தந்தை நோயாளிக்கு நற்கருணை கொண்டு வரும்போது, உடனிருப்பவருக்கும் ஒப்புரவு அருளடையாளம் பெற ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் வீடு வெறுமையாகும். மருந்து கொடுக்கும் நேரத்துக்குக் கை தானாக நீளும். கொடுக்க ஆள் இருக்காது. அப்போது ஒருமுறை போய்க் கதவைத் தட்டுவோம். திரும்பி வருவேன் என்று சமாரியர் சொன்னதன் பொருள் அதுதான்.

சிந்திக்க:

1. என் தெருவில், என் அன்பியத்தில் நீண்டகால நோயாளியைக் கவனித்து வருபவர் யார்? அவருடைய பெயர் எனக்குத் தெரியுமா?

2. கடந்த முறை அந்த வீட்டுக்குச் சென்றபோது, அவரைப் பற்றி அவரிடமே ஏதாவது கேட்டேனா?

3. இந்த வாரம் அவருக்காக நான் ஒதுக்கப்போகும் இரண்டு மணி நேரம் எது?